ஆதரவு: ஒரு சொல்லும் ஒரு தகரப் பெட்டியும்

தரம் ஒன்பது மாணவர்களுக்குச் சொற்களைக் கொடுத்து வாக்கியம் அமைக்கச் சொல்வது தமிழ்ப் பாடத்தில் வழக்கம். சென்ற தவணையில் நான் கொடுத்த பத்துச் சொற்களுள் ‘ஆதரவு’ என்பதும் ஒன்று. “முதியோருக்கு ஆதரவு வழங்க வேண்டும்”, “எமது அணிக்கு ஆதரவு தாருங்கள்” என்ற பாங்கிலேயே எல்லாக் கொப்பிகளிலும் வாக்கியங்கள் வந்திருந்தன. ஒரு கொப்பியில் மட்டும், “நான் பரீட்சையில் நல்ல பெறுபேறு எடுப்பேன் என்று உம்மா ஆதரவு வைத்திருக்கிறார்” என்று இருந்தது. பூண்டுலோயா கடைத்தெருவிலிருந்து வரும் ஒரு மாணவியின் கொப்பி அது.

சிவப்புப் பேனையால் அந்தச் சொல்லின் கீழே கோடு இழுத்தேன். பக்கத்தில் ‘எதிர்பார்ப்பு’ என்று திருத்தமும் எழுதினேன். ஆசிரியர் கலாசாலையில் பயின்று, இருபது வருடங்களாகக் கொப்பி திருத்திப் பழகிய கை. யோசிப்பதற்கு முன்பே கோடு இழுத்துவிடும். அடுத்த கொப்பியை எடுத்த பிறகுதான் மனம் உறுத்தியது. அந்தப் பிள்ளை எழுதியது பிழையா? என் வாப்பும்மா நாளுக்குப் பத்துத் தடவை சொன்ன சொல் அல்லவா அது? என் பாட்டனாரின் தகரப் பெட்டிக்குள் இருக்கும் கடிதங்கள் எல்லாம் அந்தச் சொல்லோடுதானே முடிகின்றன? அன்றிரவு அந்தப் பெட்டியை மறுபடி திறந்தேன். நான் இழுத்த கோட்டை அழிக்கும் முயற்சியே இக்கட்டுரை.

பொதுத் தமிழில் ‘ஆதரவு’ என்றால் உதவி, தாங்குதல், அன்பு காட்டுதல். ‘ஆதரவாகப் பேசினார்’ என்கிறோம். ‘ஆதரவற்ற பிள்ளை’ என்கிறோம். தேர்தல் காலத்தில் ‘ஆதரவாளர்’ என்கிறோம். இவை எல்லாவற்றிலும் ஒருவர் கொடுக்கிறார், இன்னொருவர் பெறுகிறார். பெறுபவருக்கு அதில் செய்வதற்கு ஒன்றுமில்லை. கிடைத்தால் உண்டு, கிடைக்காவிட்டால் அவர் ஆதரவற்றவர்.

தமிழ் பேசும் முஸ்லிம்களின் வழக்கு வேறு. நாம் ஆதரவைப் பெறுவது மட்டுமல்ல, ஆதரவு ‘வைக்கிறோம்’. குர்ஆன் தமிழாக்கங்களிலும் ஜும்ஆப் பிரசங்கங்களிலும் பழைய குடும்பக் கடிதங்களிலும் இந்தத் தொடர் தாராளமாக வரும். ‘ரஜா’ என்ற அறபுச் சொல்லுக்கு நம் உலமாக்கள் கண்டெடுத்த தமிழ் இது. விரும்பிய ஒன்று நடக்கும் என்று மனத்தை அதன்மேல் சார்த்தி வைத்துக்கொண்டு இருத்தல் என்பது இதன் பொருள். ‘நிய்யத் வைத்தல்’, ‘நம்பிக்கை வைத்தல்’ என்பவற்றில் வரும் அதே ‘வை’தான் இங்கும் வருகிறது. எனவே இந்த ஆதரவு எவரும் நமக்குத் தருவதன்று. நாம் எடுத்து ஓரிடத்தில் வைப்பது. வெளியிலிருந்து எந்த ஆதரவும் கிடைக்காத ஒருவர்கூட ஆதரவு வைக்கலாம் என்பதே இந்த வழக்கின் அழகு.

இதே கருத்துக்குத் தமிழில் வேறு சொற்களும் உண்டு. எதிர்பார்ப்பு என்பதில் கண் இருக்கிறது. வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருப்பது அது. அறபியின் ‘இன்திழார்’ என்ற சொல்லும் பார்வையைக் குறிக்கும் ‘நழர்’ என்ற அடியிலிருந்தே பிறந்தது. காத்திருப்பு என்பதில் காவல் இருக்கிறது. சங்க இலக்கியத்தில் முல்லைத் திணைக்கு உரிய பொருளாகச் சொல்லப்படுவது ‘இருத்தல்’. சொல்லிப் போனவன் கார்காலத்தில் வருவான் என்று தலைவி ஆற்றியிருப்பது அது. இவற்றோடு வைத்துப் பார்த்தால்தான் ‘ஆதரவு வைத்தல்’ என்பதன் தனித்தன்மை விளங்கும். பார்ப்பதும் இருப்பதும் போதாது. வைப்பதற்கு ஏதாவது கையில் இருக்க வேண்டும்.

இமாம் கஸ்ஸாலி (மறைவு 1111) தமது ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் அச்சத்துக்கும் ஆதரவுக்கும் ஒரு தனிப் பாகமே ஒதுக்கியிருக்கிறார். அங்கே ஓர் உழவனை உவமை காட்டுகிறார். நல்ல நிலத்தைத் தேர்ந்து, நல்ல விதையை இட்டு, நீர் பாய்ச்சி, களை பிடுங்கி, அதன் பிறகு இறைவனின் அருளால் விளையும் என்று இருக்கிறானே, அவனுடையதுதான் ‘ரஜா’. நீரேறாத உவர் நிலத்தில் விதைத்துவிட்டு அறுவடைக்குக் காத்திருப்பது ஏமாளித்தனம். நல்ல நிலத்தில் விதைத்தாலும் தண்ணீருக்கு வழி செய்யாமல், மழை பொய்க்கும் இடத்தில் வானத்தைப் பார்த்திருப்பது ‘தமன்னி’, அதாவது வெறும் ஆசை. நம் கையில் உள்ள காரணங்களையெல்லாம் செய்து முடித்த பின், நம் கையில் இல்லாததற்காக இருப்பதே ஆதரவு என்பது அவரது வரையறை. கஹ்ஃபு அத்தியாயத்தின் இறுதி வசனம் இறைவனின் சந்திப்பை ஆதரவு வைப்பதையும் நற்செயலையும் ஒன்றாகவே சேர்த்துப் பேசுவதும் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது.

இந்த உவமை மலையகத்துக்காரனுக்கு விளக்கமில்லாமலே விளங்கும். தேயிலைக் கன்றை நட்டவுடன் கொழுந்து கிடைத்துவிடாது. ஆண்டுக்கணக்கில் பேண வேண்டும். வளர்ந்த செடியையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டி மொட்டையாக்குவார்கள். புதிதாகப் பார்ப்பவனுக்கு மலை முழுதும் செத்துக் கிடப்பது போலத் தோன்றும். வெட்டியவனுக்குத் தெரியும், துளிர்க்கும் என்று. டன்சினன், சீன் ஆகிய தோட்டங்களின் பச்சைக்கு நடுவே இப்படி மொட்டையாக நிற்கும் மலையொன்றை ஆண்டுதோறும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

இதே மலைநாட்டில் ஆதரவு வைத்து வாழ்ந்த ஒரு பெரியாரையும் நம் வாசகர் அறிவர். எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்துத் தோற்று, 1883 ஜனவரியில் கொழும்புக்கு நாடு கடத்தப்பட்ட ஒராபி பாஷா, 1892இல் கண்டிக்கு வந்து குடியேறினார். 1901இல்தான் அவருக்குத் தாய்நாடு திரும்ப அனுமதி கிடைத்தது. பதினெட்டு வருடங்கள் அவர் கடலைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கவில்லை. சித்திலெப்பை, வாப்பிச்சி மரிக்கார் முதலியோர் 1892இல் மத்ரஸத்துஸ் ஸாஹிராவை நிறுவியபோது அவர்களுக்குத் துணையாக நின்றார். அவரோடு நாடு கடத்தப்பட்ட கவிஞர் மஹ்மூத் சாமி அல்-பாரூதி இங்கிருந்த காலத்திலும் கவிதை எழுதினார். திரும்பிப் போகும் நாள் தெரியாதவர்கள், இருந்த இடத்தில் விதைத்தார்கள்.

அவர்கள் அரசியல் கைதிகள். உலகம் அவர்களை அறிந்திருந்தது. நான் சொல்ல வந்தது, எவருக்கும் தெரியாமல் அதைவிட நீண்ட காலம் ஆதரவு வைத்திருந்த ஒரு சனத்தைப் பற்றி.

சுதந்திரம் கிடைப்பதற்கு முந்திய 1947 பொதுத் தேர்தலில், மலையகத் தொழிலாளரின் வாக்குகளால் இலங்கை இந்தியன் காங்கிரஸைச் சேர்ந்த எழுவர் பாராளுமன்றம் சென்றனர். எங்கள் பக்கத்துத் தொகுதியான தலவாக்கலையில் வென்றவர் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை. அவர் பிறந்தது பூண்டுலோயாவிலிருந்து அதிக தூரமில்லாத மடக்கொம்பரைத் தோட்டத்தில். மறு ஆண்டே 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. இங்கே பிறந்தவன் இந்நாட்டுப் பிரஜையாக வேண்டுமானால் அவனுடைய தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அதற்கு அத்தாட்சியும் வேண்டும். ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒரே சட்டத்தால் நாடற்றவராயினர். 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டு, பிரஜைக்கே வாக்கு என்றானது. 1952 தேர்தலில் காங்கிரஸிலிருந்து ஒருவர்கூடப் பாராளுமன்றம் செல்லவில்லை. சி. வி. பிற்காலத்தில் எழுதிய நூல்களின் தலைப்புகளே அந்தச் சரித்திரத்தைச் சொல்லும்: ‘நாடற்றவர் கதை’, ‘வீடற்றவன்’.

நாடற்றவர் என்றதும் நமக்குக் கொழுந்துக் கூடை சுமந்த தோட்டத் தொழிலாளரின் முகமே நினைவுக்கு வருகிறது. பெரும்பாலானோர் அவர்கள்தாம். ஆனால் விண்ணப்பித்துப் பிரஜையாக வழி சொன்ன 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரை ஊன்றிப் பார்க்க வேண்டும். இந்தியர், பாகிஸ்தானியர் வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் என்பது அதன் பெயர். தோட்டத்துப் பஸார்களில் கடை வைத்திருந்த இந்திய முஸ்லிம்களும் அதே வரிசையில்தான் நின்றார்கள். கடைக்காரர் என்பதால் அந்தக் கதையை நாம் நம்முடையதாகச் சொல்லிக்கொள்வது குறைவு. என் பாட்டனார் அந்த வரிசையில் நின்றவர்.

வாப்பாவின் வாப்பாவை நாங்கள் ‘அப்பா’ என்றே அழைப்போம். தொண்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பதினேழு வயதில் பூண்டுலோயாவுக்கு வந்து, ஒரு சில்லறைக் கடையில் கையாளாக நின்று, பிறகு சொந்தமாகச் சிறு கடை வைத்தவர். அந்தக் காலத்தில் தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கிக் கோச்சி பிடித்தால் மலைநாடு. எல்லை என்ற எண்ணமே அவருக்கு இருந்ததில்லை. கலியாணம் ஊரில் நடந்தது. வாப்பும்மா ஊரிலேயே இருந்தார். நோன்புப் பெருநாளுக்குப் போய்வருவதும், மாதாமாதம் காசு அனுப்புவதுமாகக் குடும்பம் நடந்தது. 1949இல்தான் வாப்பும்மா இங்கே வந்து சேர்ந்தார். வாப்பா 1952இல் பூண்டுலோயாவில் பிறந்தார்.

1949ஆம் ஆண்டுச் சட்டம் விண்ணப்பிக்க இரண்டு வருட அவகாசம் தந்தது. 1951 ஓகஸ்டில் அது முடிந்தது. 1946 ஜனவரி முதலாந் திகதிக்கு முன் தொடர்ச்சியாக, மணமானவர் ஏழு வருடமும் மணமாகாதவர் பத்து வருடமும் இங்கே வசித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2,37,000 அளவில் விண்ணப்பங்கள் குவிந்தன. அவற்றில் அடங்கியோர் எட்டு இலட்சத்துக்கும் மேல். இறுதியில் பிரஜாவுரிமை பெற்றவர்கள் சுமார் 1,34,000 பேர் மாத்திரமே.

அந்த இரண்டு வருடமும் அப்பாவின் கடை ஒரு சிறு கச்சேரியாகவே இருந்ததாம். தோட்டத்து ஆட்கள் வந்து, “பாய், நான் எந்த வருசத்திலிருந்து ஒங்க கடையில கணக்கு வச்சிருக்கேன்னு கொஞ்சம் பாருங்க” என்பார்களாம். பிறப்பத்தாட்சிப் பத்திரம் இல்லாதவனுக்கு, பேர்ப் பதிவில் பெயர் பிழையாக எழுதப்பட்டவனுக்கு, கடைக் கடன் பேரேட்டில் இருந்த பெயரும் திகதியும் ஓர் ஆதாரம். இன்ன வருடம் இன்ன மாதம் அரிசியும் கருவாடும் வாங்கினான் என்றால் அவன் அப்போது இங்கேதான் இருந்திருக்கிறான். அப்பா பேரேட்டைப் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுப்பாராம். அதற்கு அவர் காசு வாங்கியதில்லை என்று வாப்பும்மா பெருமையாகச் சொல்வார்.

தமிழில் ‘ஆதாரம்’, ‘ஆதரவு’ இரண்டும் ஒலியில் பக்கத்துப் பக்கத்துச் சொற்கள். அரசாங்கம் கேட்டது ஆதாரம். சனங்களிடம் இருந்தது ஆதரவு. பிறருக்கு ஆதாரம் தேடிக் கொடுத்த அப்பாவுக்குத் தம்முடைய விண்ணப்பத்துக்கு அது போதவில்லை. விண்ணப்பதாரியின் மனைவி மக்களும் இங்கே வசித்திருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்த்தது. வாப்பும்மா வந்ததோ 1949இல். குடும்பத்தை ஊரில் வைத்துவிட்டு இங்கே கடை நடத்திய வியாபாரிகள் பலர் இடறி விழுந்த இடம் இதுதான். அப்பாவின் விண்ணப்பம் சில ஆண்டுகள் கிடந்து நிராகரிக்கப்பட்டது.

அப்பா விடவில்லை. மனுவுக்கு மேல் மனு எழுதினார். தகரப் பெட்டியில் அவற்றின் தமிழ்ப் பிரதிகள் அவருடைய கையெழுத்திலேயே இருக்கின்றன. எல்லாம் ஒரே விதமாக முடியும்: ‘தங்கள் நல்ல தீர்மானத்தை ஆதரவு வைத்தவனாக’ என்று எழுதிக் கையொப்பம். அவற்றை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொடுத்தவர் ஒரு மனு எழுத்தர். அந்தக் கார்பன் பிரதிகளும் பெட்டியில் உண்டு. நான் ஆங்கிலம் ஓரளவு வாசிக்கக் கற்ற பிறகு அவற்றை ஒப்பிட்டுப் பார்த்துத் திடுக்கிட்டேன். ‘தங்கள் தீர்மானத்தை நான் ஆதரிக்கிறேன்’ என்ற பொருள்படவே கடைசி வரி ஆங்கிலத்தில் போயிருக்கிறது. எந்தத் தீர்மானம் தம்மை நாடற்றவனாக்கியதோ அதையே ஆதரிப்பதாக, கையொப்பமிட்டு, முத்திரை ஒட்டி, பல வருடங்கள் அப்பா அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார்! இதனால்தான் அவருக்குப் பிரஜாவுரிமை கிடைக்கவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. காரணம் சட்டத்திலேயே இருந்தது. ஆனாலும் அந்த எழுத்தருக்குத் தெரிந்த தமிழில் ‘ஆதரவு’ என்பதற்கு ஒரு பொருள்தான் இருந்தது. சிவப்புப் பேனையோடு இருந்த எனக்கும் அப்படித்தான்.

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. நாடற்றவர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று பங்கிட்டனர். மிகுதி ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். பங்கிடப்பட்டவர்களிடம் எவரும் கேட்கவில்லை. ஒப்பந்தம் கைச்சாத்தாகி இரண்டு மாதம் முடியுமுன், 1964 டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அப்பா வந்த வழி அதோடு இல்லாமற் போயிற்று. அதன் பின் கப்பல் தலைமன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு ஓடியது.

பிறகு விண்ணப்பம் கோரினார்கள். இலங்கை தனக்கென ஒதுக்கிய 3 இலட்சம் இடங்களுக்கு ஏறத்தாழ இருமடங்கானோர் விண்ணப்பித்தனர். இந்தியாவுக்குப் போதிய ஆட்கள் சேரவில்லை. இது மிக முக்கியமான செய்தி என்பது என் எண்ணம். ‘கள்ளத்தோணி’ என்று ஏசப்பட்டவர்கள், வாக்கில்லாதவர்கள், லயத்தில் ஓர் அறைக்கு மேல் சொந்தமாக எதுவும் இல்லாதவர்கள், தங்களை வேண்டாம் என்ற மண்ணின்மேலேயே ஆதரவு வைத்தார்கள். ஆதரவற்றவர்கள் ஆதரவு வைத்த கதை அது. ஒரே சொல்லின் இரண்டு பொருள்களும் ஒரே சனத்தின் வாழ்க்கையில் சந்தித்த இடமும் அதுதான்.

1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சமும், பின்னர் 1977, 1981, 1983 வன்செயல்களும் பலரது மனத்தை மாற்றின. மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னாருக்குப் புறப்பட்ட புகைவண்டிக்குச் சனங்கள் இட்ட பெயர் ‘அழுகைக் கோச்சி’. அக்காள் போக, தங்கை நின்றாள். மகன் போக, தாய் நின்றாள். அப்பாவின் கடைப் பேரேட்டில் பல பெயர்களுக்கு எதிரே, ‘இந்தியா போய்விட்டார்’ என்று எழுதிக் கணக்கு முடிக்கப்பட்டிருக்கிறது. சிலருடைய பாக்கியை அவர் அடித்துவிட்டிருக்கிறார். யுத்தம் மூண்டதால் 1984இல் கப்பல் நின்றது. இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு போகவும் முடியாமல், இருக்கவும் உரிமையில்லாமல் பல்லாயிரம் பேர் தோட்டங்களில் தங்கிவிட்டனர்.

அப்பா 1985இல் மௌத்தானார். எனக்கு அப்போது ஐந்து வயது. அவர் நாடற்றவராகவே அடக்கம் செய்யப்பட்டார். ஐம்பது வருடங்களுக்கு மேல் வாழ்ந்த பூண்டுலோயா மண்தான் அவரை ஏற்றது. அதற்கு எந்தப் பத்திரமும் தேவைப்படவில்லை. மூன்று வருடம் கழித்து, 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம், இந்தியாவுக்கு விண்ணப்பிக்காமல் எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்கியது. வாப்பா அதன் மூலமே பிரஜையானார். அவர் முதன்முதலில் வாக்களித்தது 1994 பொதுத் தேர்தலில். அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. வாக்குச் சாவடியிலிருந்து வந்து, விரலில் இருந்த மையை வாப்பும்மாவிடம் காட்டினார். வாப்பும்மா அந்த விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஒங்க வாப்பா வச்ச ஆதரவு” என்றார். பதினான்கு வயதில் நான் அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். இன்றைக்குத்தான் அந்த ‘வச்ச’ என்பதன் பொருள் எனக்கு விளங்குகிறது. அப்பா வைத்தார்; எடுத்தது அவரல்ல.

எஞ்சியோரின் கதை 2003இல் முடிவுக்கு வந்தது. அவ்வாண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே வதிந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களது சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயமும் கைகொடுத்த நடமாடும் சேவையில், பத்து நாட்களில் ஏறத்தாழ 1,90,000 பேர் பிரஜைகளாயினர். நான் அப்போது பாடசாலைக்குப் புதிதாக வந்த இளம் வாத்தியார். படிவம் நிரப்ப ஆள் தேவைப்பட்டதால் நானும் ஒரு மேசையில் உட்கார்ந்தேன்.

வந்தவர்கள் ஒவ்வொருவர் கையிலும் ஏதோ ஒரு பெட்டி, ஒரு சுருட்டுத் தகரம், அல்லது பிளாஸ்டிக் உறை. உள்ளே மங்கிப்போன கடவுச்சீட்டு, கிழிந்த துண்டு, யாரோ எழுதிய சீட்டு. எந்தக் கடதாசி எந்த நாளில் உதவுமோ என்று மூன்று தலைமுறையாக மழைக்கும் கரையானுக்கும் ஒளித்துக் காத்து வைத்திருந்தார்கள். கஸ்ஸாலி சொன்ன உழவன் களை பிடுங்கியது போன்ற வேலைதான் அது. வெறும் ஆசை கொண்டவன் கடதாசியைக் காப்பாற்ற மாட்டான். எழுபது வயது தாண்டிய ஓர் அம்மா கையொப்பமிடப்பட்ட படிவத்தை வாங்கி, தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “மாஸ்டர், இத நான் எங்க வைக்கட்டும்? எங்க லயம் ஒழுகும்.” நான் பதில் சொல்லத் தெரியாமல், பெட்டியிலேயே வையுங்கள் அம்மா என்றேன்.

அவர் கேட்ட கேள்வி இன்னும் தீரவில்லை. பிரஜாவுரிமை கிடைத்தது, வைப்பதற்கு ஓர் இடம் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. 2018இல் எங்கள் டன்சினன் தோட்டத்தில் இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் 404 வீடுகள் கையளிக்கப்பட்டன. அது பெரிய காரியம். அதன் பின்னும் லயத்து அறைகளிலேயே வாழும் குடும்பங்கள் மலையகமெங்கும் ஏராளம். 2023இல், முன்னோர் வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை பதினாறு நாட்கள் நடந்தார்கள். முன்னோர் நடந்து வந்த பாதையிலேயே நடந்து, காணியும் வீடும் சமவுரிமையும் கேட்டார்கள். இருநூறு வருடம் பார்த்திருந்தவர்கள் செய்கிற காரியமா அது? அல்ல. ஆதரவு வைத்திருப்பவர்கள் செய்வது அது.

அறபு மொழியறிஞர் சிலர் ‘ரஜா’ என்ற சொல்லுக்கு அச்சம் என்றும் ஒரு பொருள் காட்டுவர். நூஹ் அத்தியாயத்தின் ஓரிடத்தில் அப்படிப் பொருள் கொண்ட விரிவுரையாளர்கள் உண்டு. படிக்கும் காலத்தில் இது எனக்குப் புதிராக இருந்தது. நம்பிக்கையும் பயமும் ஒரு சொல்லுக்குள் எப்படி இருக்கும்? தகரப் பெட்டியைத் திறந்த பிறகு புதிர் இல்லை. மனு எழுதி அனுப்பிவிட்டுத் தபால்காரனை எதிர்பார்க்கும் மனிதனுக்கு இரண்டும் ஒன்றுதான். கிடைக்கும் என்று நம்பாதவன் பயப்படவும் மாட்டான்.

மறுநாள் வகுப்பில் அந்த மாணவியின் கொப்பியை எடுத்து, என் திருத்தத்தை வெட்டிச் சரி போட்டேன். ‘ஆதரவு வைத்தல்’ என்று கரும்பலகையில் எழுதி, இது முஸ்லிம்களின் வழக்கு, பிழையல்ல, பிழைவிட்டது நான்தான் என்று சொன்னேன். சட்டங்களையும் ஆண்டுகளையும் கொஞ்சம் சொன்னேன். பிள்ளைகள் அமைதியாகக் கேட்டார்கள். பின்வாங்கில் இருந்த, தோட்டத்து லயத்திலிருந்து வரும் பையன் எழும்பி, “காணி உறுதி கெடைக்கும்னு எங்க தாத்தா சொல்லிக்கிட்டே இருக்காரு சேர். அதுவும் ஆதரவா?” என்று கேட்டான்.

“தாத்தா சொல்றதோட சரியா, வேற ஏதும் செய்றாரா?” என்றேன்.

“எல்லாக் கூட்டத்துக்கும் போறாரு. மனு எழுதச் சொல்லி என்னையத்தான் உக்கார வைப்பாரு.”

“அப்படின்னா அது ஆதரவுதான்” என்றேன். அவன் கொப்பியைத் திறந்து ‘எதிர்பார்ப்பு’ என்று எழுதியிருந்த ஓரிடத்தை வெட்டப் போனான். வேண்டாம், அதுவும் சரியான சொல்தான், பக்கத்தில் இதையும் எழுதி வை என்றேன்.